கரையாத வளைவு

கையில் எதையாவது வைத்துக்கொண்டு வெளியே வந்தால் நல்லது. வெறுங்கையோடு வந்தால் நல்லதில்லை. குழந்தைகள் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, இரும்பு நாற்காலி வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த சீனிராஜுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அந்த ஆடும் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததில் தானாகப் பிடிபட்டது. பச்சை உடுப்பு நர்ஸ் ஒருத்தி தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள். கையில் எவர்சில்வர் தட்டு இருக்கும், தட்டில் ஈரப் பஞ்சு, பஞ்சின் மேல் ஒரு பொருள். பிள்ளையின் பேரைச் சொல்லி, "யாரும்மா இதுக்கு ஆளு?" என்பாள். தாயும் தகப்பனும் விழுந்தடித்து ஓடிக் குனிந்து பார்ப்பார்கள். முதலில் வந்தது ஒரு குடல்வால், பழுத்துச் சுருங்கிய மிளகாய் மாதிரி. அதற்குப் பிறகு ஒரு ஊக்கு, வாய் திறந்தபடி. பார்த்தவர்களுக்கு அருவருப்பு இல்லை, கோயிலில் தீபாராதனைத் தட்டைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள், ஒருவர் கையைக்கூடக் கூப்பினார். இடையில் ஒரு தடவை டாக்டர் ஒருவர் தட்டில்லாமல், கையில்லாமல் என்றே சொல்லலாம், இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாதவராக வந்தார். முகமூடியைக் கழற்றியபடி கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவரைத் தோளில் தட்டி ஜன்னல் ஓரமாகக் கூட்டிப்போனார். கட்டச் சட்டைக்காரர் நின்ற வாக்கிலேயே சுவரோடு சரிந்து கீழே உட்கார்ந்தார். அன்றிலிருந்து, அன்றிலிருந்து என்ன, அந்த நேரத்திலிருந்து, சீனிராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டான். கையை மட்டும் பார்த்தான். முகம் பொய் சொல்லும், ஆஸ்பத்திரி முகம் அதிலும் பொய் சொல்லும். கை எங்கே சொல்லப் போகிறது.

இப்போது தட்டில் வந்தது ஒரு பீப்பி. ரப்பர் பொம்மையை அமுக்கினால் கீச்சென்று கத்துமே, அதன் வயிற்றுக்குள் இருக்கிற வெள்ளை பிளாஸ்டிக் சில்லு. அடுத்த நாற்காலி ரோஸ்லினுடைய மகன் அதைக் கடித்துப் பிடுங்கி மூச்சோடு உள்ளே இழுத்துவிட்டானாம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. காலையிலிருந்து ஜெபமாலையை உருட்டியபடி வாயே திறக்காமல் இருந்தவள், தட்டைப் பார்த்ததும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டாள். "எண்ணே, பாத்தியளா, இத்தினிக்காணு சாமான். மூச்சு விட்டா விசிலு, இழுத்தா விசிலு. இவன் அப்பா என்ன சொன்னாவ தெரியுமா? மவன் கண்டக்டரு ஆயிட்டான்டி, ரைட்டு குடுக்கான்னு சிரிக்காவ. அடிக்க வாரியலை எடுத்துட்டேன் நான்." சீனிராஜும் சிரித்தான். "ஒங்க பிள்ளைக்கு என்னத்த எடுக்காவ?" என்று கேட்டாள். "ரிங்கு" என்றான். "மோதிரமா? ஆத்தாடி, முழுங்கிட்டா? எத்தன கிராமு?" "மோதிரம் இல்ல தங்கச்சி. ரத்தக்கொழாயி. நெஞ்சுக்குள்ள வளையமா இருக்காம். மூச்சுக் கொழாயச் சுத்தி நெரிக்குதாம்." ரோஸ்லின் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மாலையின் சிலுவையைத் தொட்டாள். "பெறக்கும்போதேயா?" "பெறக்கும்போதே." "யாருண்ணே போட்டா அத?" என்று கேட்டாள். கேட்டதும், தான் கேட்டது சரியில்லை என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும், அவசரமாகச் சொன்னாள்: "எடுத்துருவாவ. எடுத்துட்டுக் காட்டுவாவ. காட்டாமக் குப்பையில போட முடியாதுல்லா." மகனை வார்டுக்கு மாற்றுகிறார்கள் என்று கூப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அவள் கேட்டது மட்டும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

யார் போட்டது. ரிங்கை யார் போடுவார்கள், மிஷின் பிட்டர் போடுவான். நூல் மில்லில் நூற்கும் ரிங் பிரேம் ஒவ்வொன்றிலும் வரிசையாக ரிங்குகள், ஒவ்வொரு ரிங்குக்கும் நடுவில் ஒரு கதிர் சுழலும், கதிரைச் சுற்றி நூல் ஏறும். ரிங்கு தேய்ந்து சொரசொரப்பானால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். பிட்டர் வந்து அதைத் தட்டிக் கழற்றி டப்பாவில் டக்கென்று போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவான், அவ்வளவுதான் வேலை. தலை நரைக்கத் தொடங்கிய வயது வரைக்கும் ரிங் பிரேமின் இரண்டு பக்கமும் நடந்து நடந்து அறுந்த இழையை ஒட்டுவதே பிழைப்பாக இருந்த சீனிராஜுக்கு, டாக்டர் வஹீதா 'வாஸ்குலர் ரிங்' என்றபோது காதில் விழுந்தது அந்த டக்கென்ற சத்தம்தான். கழற்றிவிடுவார்கள். டப்பாவில் போடுவார்கள். அந்த அம்மாள் நிதானமாகத்தான் விளக்கினார்கள். அவன் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நிறுத்தினார்கள். "இது மூச்சுக்குழாய். பின்னாடி இது சாப்பாடு இறங்கற குழாய். இதயத்துல இருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய் மேல போயி, ஊர் நுழைவுல ஆர்ச் நிக்குமே அது மாதிரி வளைஞ்சு, இடது பக்கமா கீழ இறங்கும். எல்லாருக்கும் ஒரு ஆர்ச்தான். உங்க பாப்பாவுக்கு ரெண்டு. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம், பின்னாடி போயி ஒண்ணு சேந்துக்குது." சொல்லிக்கொண்டே தன் இரண்டு கையாலும் அவன் இரண்டு விரலையும் சுற்றிப் பிடித்து இறுக்கினார்கள். டாக்டருடைய கை ஜில்லென்று இருந்தது. விரல் நுனி சிவந்து, பிறகு வெளுத்தது. அந்த நேரத்தில் மடியிலிருந்த தாரணி கையை நீட்டி, அப்பாவின் வெளுத்த விரல் நுனியைப் பிடித்துப் பார்த்தாள். அவள் மூச்சு அறை முழுக்கக் கேட்டது, இழுக்கும்போது கொர்ர், விடும்போது கீச். அதுவரைக்கும் அது சளி என்றும் இழுப்பு என்றும் ஊரிலிருந்த டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்த சத்தம். மில் குடியிருப்பில் அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள், "என்ன சீனி, ஒங்க வீட்டு ரைஸ்மில்லு இன்னைக்கு ஓடுதா?" ஓடுகிறது, ஓடுகிறது. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து பகலில் கண்ணை மூடிப் படுப்பவனுக்கு அந்தச் சத்தம்தான் காவல். அவள் அடுக்களையில் இருக்கிறாளா, வாசல் பக்கம் போய்விட்டாளா என்று கண்ணைத் திறக்காமலே தெரியும். அவளும் தூங்கினால் தலையைப் பின்னுக்கு வில்லாக வளைத்துக்கொண்டுதான் தூங்குவாள். பிள்ளைக்குக் கழுத்து வலிக்குமே என்று அவன் மெதுவாகத் தூக்கி நேராக வைப்பான், உடனே சத்தம் கூடும், அவள் மறுபடி பின்னுக்கு வளைவாள், அவன் மறுபடி நேராக்குவான். அப்படி வளைத்தால்தான் காற்று போகும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது. யார் போட்டது.

யாரும் போடவில்லை, அதுதான் விஷயம். போட்டதல்ல, எடுக்காமல் விட்டது. டாக்டர் சொன்னதில் அவனைப் பிடித்துக்கொண்டு விடாத சொல் வேறொன்று இருந்தது. "வயித்துல கரு உருவாகும்போது எல்லாருக்குமே ரெண்டு பக்கமும்தான் இருக்கும். உங்களுக்கும் இருந்துச்சு, எனக்கும் இருந்துச்சு. அப்புறம் வலது பக்கம் தானா கரைஞ்சிடும். இவளுக்குக் கரையல." இவ்வளவுதான் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சண்முகத்தாய் சட்டென்று தலையைக் குனிந்ததை டாக்டர் கவனித்திருக்க மாட்டார்கள். கரைஞ்சு போச்சு என்பது அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லாத சொல். தாரணிக்கு முன்னால் தங்காமல் போனதையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்தான் போட்டு மூடியிருந்தார்கள். "இதுவும் கரைஞ்சு போச்சுங்க" என்று அவள் பாத்ரூம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்ன குரல் இப்போதும் அவன் காதில் மில் இரைச்சலுக்கு அடியில் இருக்கிறது. தாரணி வயிற்றில் வந்ததும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் ஈர வேட்டியோடு கும்பிட்டுக் கேட்டவன் அவன்தான். என்ன கேட்டான்? பிள்ளை கரையக் கூடாது என்றா கேட்டான்? அப்படிக் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை. "தாயே, இந்தத் தடவை எதுவும் கரையக் கூடாது" என்று கேட்டான். எதுவும். அந்த 'எதுவும்' எங்கிருந்து வாயில் வந்தது? அம்மன் என்ன மில் மேனேஜரா, சொன்னதில் பாதியை விட்டுவிட்டுக் கேட்க? ஈரத்தோடு நின்று எதுவும் என்று கேட்டால் எதுவும்தான். பிள்ளையும் கரையவில்லை, கரைய வேண்டியதும் கரையவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே தெரியும், ரத்தக்குழாய்க்கும் வேண்டுதலுக்கும் என்ன சம்பந்தம், டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் காலையில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனதிலிருந்து அவனால் சாமி கும்பிட முடியவில்லை. எப்படிக் கேட்பது? ஒவ்வொரு சொல்லிலும் ஒரு பொத்தல் இருந்தது. நல்லபடியா வெளிய வரணும் என்று கேட்டால், வந்த பிறகு? உசிரோட வரணும் என்றால், உசிர் மட்டுமா? குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, ஜாக்கிரதையா ஒதுக்கி வைப்போம் என்று டாக்டர் சொன்னார்களே, அப்பா என்று கூப்பிடுகிற குரல் அதில்தானே இருக்கிறது, அதையும் சேர்த்துக் கேட்க வேண்டாமா? சத்தம் நிக்கணும் என்று கேட்கலாம் என்றால் அந்த நிக்கணும் பயமுறுத்தியது. பிள்ளை வயிற்றில் நின்றது என்றால் தங்கியது. மூச்சு நின்றது என்றால் போயிற்று. ஒரே சொல். அம்மன் எந்தப் பக்கமாக எடுத்துக்கொள்வாளோ. அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான், தவறிப்போய் ஏதாவது கேட்டுவிடக் கூடாது என்று.

சண்முகத்தாய் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று எதிர்ச்சுவரோரம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் தாரணியின் மஞ்சள் கவுன். தியேட்டர் உடுப்பு மாற்றும்போது நர்ஸ் கழற்றிக் கொடுத்தது. அதை மடிப்பாள், உதறுவாள், மறுபடி மடிப்பாள். அவன் போய்ப் பக்கத்தில் குந்தினான். "டீ வாங்கிட்டு வரட்டா?" என்றான். "வேணாம்." "காலையிலருந்து ஒண்ணும் குடிக்கல நீ." "அவளுந்தான் குடிக்கல. பச்சத்தண்ணி குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க, அழுதாள்ல, கேட்டுச்சா?" என்றாள். கேட்டது. பிறகு அவளே, "என்ன பேசிக்கிட்டு இருந்தா அந்தப் பொம்பளை?" என்று கேட்டாள். "எடுத்துட்டுக் காட்டுவாங்களாம்" என்றான். அவள் கவுனிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். "ஆமா, போன தடவையும்தான் காட்டுனாக" என்றாள். அவள் சொன்னது தொக்கம் எடுத்ததை. பிள்ளைக்கு இட்லி ஊட்டினால் பாதியில் கண் பிதுங்கும், எதிரெடுத்து வெளியே வரும். தொண்டையில் தொக்கம் நிக்குது, தின்னது ஏதோ சிக்கியிருக்கு, எடுத்தால் சரியாகிவிடும் என்று குடியிருப்பே சொன்னது. இரண்டு பேரும்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். தொக்கம் எடுக்கிறவர் பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகைத் தடவி, கழுத்தை அமுக்கி, அதில் குழலை வைத்து உறிஞ்சி, தட்டில் துப்பிக் காட்டினார், ஒரு கொண்டைக்கடலைத் தோல், அதில் சுற்றிய முடி. கண்ணால் பார்த்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எவ்வளவு சந்தோஷம். பிள்ளை நன்றாக மூச்சு விடுகிற மாதிரிகூட இருந்தது, இரண்டு பேருக்கும் அப்படித்தான் கேட்டது. "அந்த ஆளு என்னமோ காட்டுனான். நம்ம வீட்டுல கொண்டைக்கடலையே வாங்குனதில்ல" என்று சொல்லிவிட்டுச் சண்முகத்தாய் மறுபடி கவுனை உதறினாள். அவள் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "நீங்க வேற, முடி நம்ம பிள்ளை முடி மாதிரியே இருக்குன்னீக." அவனுக்கும் சிரிப்பு வந்தது, உடனே நின்றது. அவர் அமுக்கினாரே கழுத்தை. அந்த வளையத்தின் மேலேயா அமுக்கினார்? இல்லை, அது நெஞ்சுக்குள்ளே இருக்கிறது, விரல் போகாது, டாக்டரிடம் கேட்டுவிட்டான், அதனால ஒண்ணும் ஆகலங்க என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது அவன் கேட்டதற்காகச் சொன்னதா, நிஜமாகவே சொன்னதா. முகம் எப்படி இருந்தது? நினைவில்லை. கை? கையில் பேனா இருந்தது.

நாற்காலிக்குத் திரும்பி வந்தபோது கண்ணைச் சொருகியது. பகல் அவனுக்கு ராத்திரி, இந்த நேரத்துக்கு உடம்பு தானாகச் சாயும். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொதித்தது, வேப்பமரத்துக் கிளையில் காக்கா ஒன்று வாயைப் பிளந்தபடி இருந்தது, அதன் தொண்டைச் சிவப்புத் தெரிந்தது, பார்க்காதே. தூங்காதே. தூங்கினால் கை விட்டுப் போகும். பிரேமில் கண் அசந்தால் இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து பஞ்சு பறக்கும், எதை முதலில் ஒட்டுவது என்று தெரியாது. உள்ளே இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள்? இடது அக்குளுக்குக் கீழே கீறி, விலா எலும்பு இரண்டை விலக்கி, நுரையீரலை ஓரமாக ஒதுக்கி. எத்தனை தடவை நினைத்தாலும் அந்த விலக்கி என்ற இடத்தில் அவன் நினைப்பு நின்றுபோய்த் திரும்பவும் கீறலிலிருந்து தொடங்கியது. அவள் விலா அவனுக்குத் தெரியும், எண்ணெய் தேய்க்கும்போது விரலுக்கடியில் சீப்புப் பல் மாதிரி ஓடும், கூச்சத்தில் நெளிவாள். இதயத்தைத் திறக்க மாட்டோம், மிஷின்ல போட மாட்டோம், இதயம் பாட்டுக்குத் துடிச்சிக்கிட்டேதான் இருக்கும் என்று தைரியம் சொன்னார்கள். துடிக்கிற குழாயை எப்படித் தொடுவது? ஓடுகிற கதிரில் கை வைத்தால் தோல் போய்விடும். ரெண்டுல சின்ன வளைவு எதுன்னு பாத்து, அதுக்கு முதல்ல கிளிப் போடுவோம். போட்டுட்டு ரெண்டு கையிலயும் கால்லயும் நாடி அடிக்குதான்னு பாப்போம். அடிச்சாத்தான் வெட்டுவோம். அடிக்கவில்லை என்றால்? கேட்டான். அப்போ கிளிப்பை எடுத்துடுவோம் என்றார்கள். எடுக்க மறந்துவிட்டால்? அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டாக்டருக்குக் கோபம் வந்திருக்கும், கோபத்தில் கை நடுங்கும். அவன் தன் வலது மணிக்கட்டில் இடது விரல்களை வைத்துப் பார்த்தான். அடித்தது. மாற்றி இடது மணிக்கட்டில் வைத்தான். முதலில் எதுவும் தெரியவில்லை. அழுத்தினான். எங்கேயோ தள்ளி அடித்தது, பக்கத்துத் தெருவில் யாரோ மாவு இடிக்கிற மாதிரி. இப்படி மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்ததில், தான் விட்டால் அங்கேயும் நின்றுவிடும் என்கிற எண்ணம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் விடவில்லை. விரல் மரத்துப்போனது, அப்போதும் விடவில்லை.

கதவு ஆடியது. வந்தது டாக்டர் வஹீதா. அவன் கையைப் பார்த்தான். வலது கையில் எதுவும் இல்லை. இடது கையில் எதுவும் இல்லை. தட்டு இல்லை, பின்னால் நர்ஸும் இல்லை. கையுறையைக் கழற்றிய விரல்கள் ஊறிச் சுருங்கி, துணி துவைத்த பொம்பளை விரல் மாதிரி இருந்தன. அந்தக் கை மேலே போய் முகமூடியின் கயிற்றை அவிழ்த்தது. அவனுக்கு ஜன்னல் ஓரம் தெரிந்தது, கட்டச் சட்டைக்காரர் சரிந்த சுவர் தெரிந்தது, அந்தச் சுவரில் அவர் முதுகு உரசிய அழுக்கு தெரிந்தது. டாக்டர் வாயைத் திறந்து ஏதோ சொன்னார்கள். காதில் ரிங் பிரேம் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடியது, ஒன்றும் விழவில்லை. சண்முகத்தாய் எழுந்து ஓடிவந்தவள் கவுனை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். "தாரணி அப்பா? கேக்குதா? நல்லா முடிஞ்சிருச்சு" என்று டாக்டர் மறுபடி சொன்னார்கள். முடிஞ்சிருச்சு. இந்த முடிவும் இரண்டு பக்கம் போகிற சொல்தானே. "எங்க?" என்றான். "என்ன எங்க?" "எடுத்தது... ரிங்கு. காட்டுவீகள்ல." டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எதையும் எடுக்கலங்க. எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சின்ன வளைவை வெட்டி, ரெண்டு முனையையும் தெச்சு மூடி விட்டுட்டோம். அப்புறம் கீழ ஒரு நார் மாதிரி இருந்துச்சு, அதையும் வெட்டிட்டோம். வெட்டின உடனே ரெண்டு முனையும் சடக்குனு விலகிப் போச்சு பாருங்க. அவ்வளவு இறுக்கம் இருந்திருக்கு. இப்ப வளையம் கிடையாது." "அப்ப முனை ரெண்டும்?" "உள்ளயேதான் இருக்கும். அது பாட்டுக்கு இருக்கும், ஒண்ணும் பண்ணாது." வெட்டி, விட்டுவிட்டார்கள். வாழ்நாள் பூராவும் அறுந்ததைப் பிடித்து ஒட்டியே கை பழகியவனுக்கு அது நெஞ்சில் இறங்க மறுத்தது. அறுந்த முனையை அப்படியே விட்டால் சூப்பர்வைசர் அபராதம் போடுவான்; இங்கே அறுத்து விட்டதுதான் வைத்தியம். தொக்கம் எடுத்தவர் காட்டினார், அது பொய்யாகப் போயிற்று. இந்த அம்மாள் ஒன்றுமே காட்டவில்லை. அப்போது எதை நம்புவது? "கையி, காலு நாடி?" என்று கேட்டான். "நாலுலயும் நல்லா அடிக்குது" என்றார்கள். அப்போதுதான் தன் மணிக்கட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. விட்டான். விரல் பதிந்த இடம் வெளுத்திருந்து, மெல்லச் சிவந்தது.

ஒருத்தர் மட்டும் வந்து பாருங்க என்று கூப்பிட்டபோது சண்முகத்தாய் பின்வாங்கிக்கொண்டு, "நீங்க போங்க, போயிட்டு வந்து சொல்லுங்க" என்று கவுனை அவன் கையில் திணித்தாள். ஐ.சி.யூ.வில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், தரை சில்லிட்டது. பச்சைத் திரைகள், திரைக்குத் திரை ஒரு கட்டில், கட்டிலுக்குக் கட்டில் ஒரு பிள்ளை, எல்லாப் பிள்ளையும் ஒன்றுபோல இருந்தார்கள், தலையில் வெள்ளைத் தொப்பி, மூக்கில் பிளாஸ்டிக் குழாய், கையில் அட்டை கட்டி ஊசி. வழிகாட்டிவந்த நர்ஸைப் பாதியில் யாரோ கூப்பிட, "நேரா போங்க, வந்திடறேன்" என்று அவள் திரும்பிவிட்டாள். நேரா என்றால் எது வரைக்கும்? அவன் ஒரு திரையைப் பார்த்தான், அது அவள் இல்லை என்று நினைத்தான், அவளாகவும் இருக்கலாம். பெற்ற பிள்ளையைத் தெரியவில்லையே. மிஷின்கள் டிங் டிங் என்றன. ஒவ்வொரு கட்டில் பக்கமும் மூச்சு அமைதியாக இருந்தது, எந்தப் பிள்ளையும் சத்தம் போடவில்லை. சத்தம் நின்றிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பேன்? நின்றுதானே இருக்க வேண்டும், அதற்குத்தானே இவ்வளவும். நின்றிருந்தால் நல்லது. நின்றிருந்தால். அவன் கண்ணை மூடிக்கொண்டான், வீட்டில் பகலில் படுத்திருப்பவன் மாதிரி. காதுக்குள் இருந்த மில்லைத் தள்ளி, மிஷின்களைத் தள்ளி, அதற்கும் அடியில் தேடினான். கடைசித் திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. கொர்ர். சன்னமாக, ஈரமாக, பழைய சத்தத்தின் நிழல் மாதிரி. கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் அவனும் மூச்சு விடவில்லை. கீச். அவன் கண்ணைத் திறக்காமலே நடந்தான், திரை முகத்தில் உரசிய பிறகுதான் திறந்தான். தாரணி. தலையைப் பின்னுக்கு வளைக்காமல், தலையணையே இல்லாமல், நேராகப் படுத்திருந்தாள். நெஞ்சின் இடது பக்கத்தில் பெரிய கட்டு, அதிலிருந்து ஒரு குழாய் கீழே பாட்டிலுக்கு இறங்கியது. கட்டு ஏறி இறங்கியது. அவன் வந்த வாடை தெரிந்ததோ என்னவோ, இமை பிரியாமலே உதடு அசைந்து, கரகரத்து, "ப்பா" என்றது, காற்றுத்தான் பாதி. அவன் கவுனைக் கட்டில் கம்பியில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். பின்னால் டாக்டர் வஹீதா வந்து நிற்பது தெரிந்தது. "இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்துடாதீங்க" என்று மெதுவாகச் சொன்னார்கள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "இத்தனை நாள் நெரிபட்ட குழாய், சவசவன்னு இருக்கு. இறுக்கம் போனாலும் அது கெட்டிப்படணும். அதுவரைக்கும் கொஞ்ச மாசம் சத்தம் இருக்கத்தான் செய்யும்." அவன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, பிள்ளையின் உள்ளங்கைக்குள் வைத்தான். அவள் பிடித்தாள், இறுக்கமில்லாமல்.

"இருக்கட்டும் டாக்டரம்மா," என்றான். "இருக்கட்டும்."